கிளட்ச் வயரும் பூட்டாங்கயிறும்

கண்ணுகளா, உங்கள் அப்புச்சிக்கு முடியாமல் போன அன்றைக்கு உங்கள் ரெண்டு பேரையும் அடுத்த ஊட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, நானும் அம்மாவும் மோட்டார் சைக்கிளில் மூலனூருக்குக் கிளம்பினோம். பெரியவளுக்கு ஞாபகம் இருக்கும். "நானும் டுர்ருல வருவேன்" என்று தெருவில் புரண்டு அழுதாய். சின்னவன் நல்ல தூக்கத்தில் இருந்தான். அந்த வண்டி வழியில் எங்களை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அம்மாவைக் கேட்டால் "வண்டி சித்த மக்கர் பண்ணுச்சு" என்பதோடு முடித்துக்கொள்வாள். அந்தச் சித்த நேரத்தைத்தான் நான் எழுதி வைக்கிறேன். எனக்குப் படிப்பு எட்டாங்கிளாஸோடு சரி. தப்பு இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அது ஆடி மாசம், வெள்ளிக்கிழமை. அப்போது நான் பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானச் சோற்றுக்கு முன்னால், மூலனூரிலிருந்து முருங்கைக்காய் ஏற்றி வரும் லாரி டிரைவர் என்னைத் தேடி மிஷினுக்கே வந்துவிட்டார். அப்புச்சி ஊட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். மிஷின் சத்தத்தில் காதுக்குள் வாயை வைத்துத்தான் சொன்னார்.

"உங்க மாமனாருக்கு நேத்தே பேச்சு நின்னு போச்சுங்க. இன்னைக்குப் பொழுது தாண்டாதுன்னு வைத்தியர் சொல்லிப் போட்டாரு. பால் ஊத்திரலாம்னு ஒறம்பரை எல்லாம் கூடி நிக்கறாங்க. உங்க ஊட்டுக்காரம்மாவோட அத்தைதான் உடமாட்டேங்குது. மவ வராம ஒருத்தரும் டம்ளரத் தொடக்கூடாதுன்னு தலைமாட்டுலயே உக்காந்திருக்குது. ஆனா பொழுது எறங்கிட்டா அதும் என்னங்க பண்ணும்?"

அவர் லாரி கோயமுத்தூருக்குப் போக வேண்டியது. சொல்லிவிட்டு ஓடிவிட்டார்.

உசிர் பிரிகிற நேரத்தில் பெற்ற பிள்ளை கையால் ஒரு வாய்ப் பால் இறங்க வேண்டும் என்பது நம் பக்கத்து முறை. அது உங்களுக்கும் தெரியும். ஆனால் உங்கள் அம்மாவுக்கு அது வெறும் முறை மட்டும் இல்லை. உங்கள் அம்மாயி செத்தபோது அவள் பெரியவளைப் பெற்றுப் பத்தியத்தில் கிடந்தாள். பச்சை உடம்புக்காரி போகக்கூடாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். யாரோ பங்காளி மகள் பால் ஊற்றினாள். அம்மா அதற்கு அழக்கூட இல்லை. ஒரே ஒரு தடவை மட்டும், வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, "எங்கம்மாவுக்குக் கடைசியில ஆரோ ஊத்துன பாலுங்க" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அப்புச்சிக்கு அவள் ஒரே பிள்ளை.

நான் ஊட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னதும் அவள் அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். "பஸ்ஸு?" என்றாள்.

தாராபுரம் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததைப் பிடித்து, தாராபுரத்தில் மாறி, மூலனூர் போய், அங்கிருந்து தோட்டத்துக்கு நடந்து சேர்ந்தால் விளக்கு வைத்துவிடுவார்கள். எனக்குத் தோன்றிய ஒரே வழி காதர்பேட்டை பாய். எங்கள் கம்பெனி சரக்கை வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவர். வெள்ளைக்காரன் காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். சரக்கு கொண்டுபோகும்போது அதை நானும் ஓட்டியிருக்கிறேன்.

உங்களை அக்காவிடம் விட்டுவிட்டு நாங்கள் போனபோது பாய் தொப்பி போட்டுக்கொண்டு ஜும்மாவுக்குக் கிளம்பி நின்றார். விசயத்தைக் கேட்டதும் சாவியை எடுத்து நீட்டிவிட்டார். நீட்டின கையை அப்படியே நிறுத்தி, "தம்பி, ஒண்ணு இருக்கு" என்றார். இடது கைப்பிடிக்குக் கீழே காட்டினார். கிளட்ச் வயர் பிரிந்து, துடைப்பக்கட்டை மாதிரி நின்றது. முறியாமல் மிச்சம் இருந்தது ஒன்றிரண்டு இழைதான்.

"இதோட போனீங்கன்னா அவினாசிபாளையம் தாண்டமாட்டீங்க. புது வயர் டூல்ஸ் பையில கெடக்கு. மெக்கானிக்கும் பள்ளிவாசலுக்குப் போயிட்டான். தொழுகை முடிஞ்சதும் மாட்டித் தரச் சொல்றேன்."

"அதுவரைக்கும் நிக்க முடியாதுங்க பாய். நானே மாட்டிக்கறனுங்க. நிட்டிங் மிஷினையே கழட்டிப் பூட்டறவன்தானுங்க."

"அது நூலை அறுக்கும் தம்பி. இது ஆளை அறுக்கும். பாத்து மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்து, "போய்ச் சேந்துருவீங்கம்மா, துவா செய்யறேன்" என்று நடந்தார்.

குடோன் வாசலில் குந்த வைத்து உட்கார்ந்தேன். அம்மா வெயிலில் நின்றாள். நிழலுக்குப் போ என்றாலும் போகவில்லை.

வேலை பெரிய வேலை இல்லை. கைப்பிடியில் வயரின் மேல்முனைக் குண்டு ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். கீழ்முனை கியர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொக்கியில் மாட்டியிருக்கும். நடுவில் பெட்ரோல் டேங்குக்கு அடியில் வளைந்து நெளிந்து போகும். டேங்கைக் கழற்றினால் நேரம் ஆகும். அதனால் மிஷினில் நூல் கோன் தீர்ந்தால் நாங்கள் செய்கிற மாதிரியே செய்தேன். பழைய நூலின் வாலில் புது நூலை முடிச்சுப் போட்டுவிட்டால், பழையதே புதியதை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். மடியில் எப்போதும் கொஞ்சம் நூல் இருக்கும். பழைய வயரின் முனையில் புது வயரைக் கட்டி, கீழே இருந்து இழுத்தேன். சரசரவென்று வந்துவிட்டது. அந்த முடிச்சைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டு முனையையும் மாட்டின பிறகு கைப்பிடி லொடலொடவென்று ஆடியது. இறுக்குவதற்கு ஒரு திருகு உண்டு. அதைத் திருகினேன். ஆட்டம் குறைந்தது. இன்னும் திருகினேன். ஆட்டம் சுத்தமாக நிற்கிற வரைக்கும் திருகினேன்.

நிட்டிங்காரன் கைக்குத் தொய்வு என்றால் ஆகாது, கண்ணுகளா. நூல் தொய்ந்தால் துணியில் ஓட்டை விழும். மோட்டார் பெல்ட் தொய்ந்தால் மோட்டார் மட்டும் சுற்றும், மிஷின் நின்று போகும். ஷிப்டுக்குப் போனதும் நான் முதலில் செய்வது பெல்ட்டை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பதுதான். விறைப்பாக இருந்தால்தான் மனசு ஆறும். அந்த வயரையும் அப்படித்தான் அமுக்கிப் பார்த்தேன். விண்ணென்று நின்றது. "ஆச்சு, ஏறு" என்றேன்.

அவினாசிபாளையம் வரைக்கும் வண்டி நன்றாகத்தான் போனது. ஆடிக்காற்று வலது பக்கமிருந்து தள்ளியது. கண்ணெல்லாம் புழுதி. அம்மா பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் சீட்டுக் கம்பியையும் மறு கையால் முந்தானையையும் பிடித்திருந்தாள்.

குண்டடத்துக்கு முன்னால் ஒரு நீள மேடு. பாதி மேடு ஏறும்போது திடீரென்று இஞ்சின் கத்தியது. ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருக இன்னும் கத்தியதே ஒழிய வண்டி நடை போட்டது. மாட்டு வண்டிகூட எங்களை முந்திவிடும் போல இருந்தது.

எனக்கு என்ன தோன்றும்? மோட்டார் சுற்றுகிறது, மிஷின் ஓடவில்லை என்றால் பெல்ட் தொய்வு. இறங்கினேன். புது வயர் இழுவை கொடுத்துத் தொய்ந்திருக்கும் என்று திருகை இன்னும் இறுக்கினேன். கிளப்பினேன். வண்டி ஏறியது! அது சித்த நேரம் நின்று சூடு ஆறியதால் ஏறியது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நம் வைத்தியம் பலித்தது என்றே நினைத்தேன்.

குண்டடம் தாண்டினதும் மறுபடியும் கத்தியது. இந்தத் தடவை சமதரையிலேயே. மறுபடியும் இறங்கி இறுக்கினேன். கொஞ்ச தூரம் போனது. பிறகு நாற்றம் வந்தது. கார்க்கு கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். அதோடு வண்டி இழுப்பதை நிறுத்திவிட்டது. இஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, சக்கரம் மட்டும் தூங்குகிறது.

சுற்றிலும் சோளக்காடும் பனைமரமும்தான். நிழல் கிழக்கே நீள ஆரம்பித்துவிட்டது. அம்மா இறங்கி நின்று அந்த நிழலையே பார்த்தாள்.

"என்னாச்சுங்க?"

"வயரு தொய்யுது. இன்னொரு சுத்து இறுக்கினா போயிரும்."

"இறுக்க இறுக்கத்தானுங்க நின்னு போகுது."

"நீ சும்மா இரு."

சும்மா இரு என்று நான் அவளிடம் சொன்னது வேகத்தில்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஸ்பேனரைத் திருகில் வைத்தேன். திருகு கடைசி மரை வரைக்கும் வந்திருந்தது. இனிமேல் இறுக்க இடமில்லை. அப்புச்சி தலைமாட்டில் பால் டம்ளர் இருக்கிறது, அதைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள், அவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் கண்ணில் நின்றது.

அப்போது தாராபுரம் பக்கமிருந்து ஒரு வண்டிக்காரர் வந்தார். வண்டியில் புண்ணாக்கு மூட்டை. எங்களைப் பார்த்ததும் மாட்டை நிறுத்தினார்.

"ஏனுங்க, ரொம்ப நேரமா கத்திட்டிருக்குதே, நகர மாட்டேங்குதுங்களா? வேணும்னா எம்பட மாட்டுல ஒண்ண அவுத்துப் பூட்டிக்கறீங்களா?" என்று சிரித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்பேனரை எறிந்திருப்பேன். அதற்குள் அம்மா வண்டிக்காரர் மீது பாய்ந்தாள். என் மேல் இருந்த ஆத்திரம், அப்பன் மேல் இருந்த துக்கம், எல்லாம் அந்த மனுசன் தலையில் விடிந்தது.

"எங்களுக்குச் சொல்றது இருக்கட்டுமுங்க! மொதல்ல உங்க மாட்டப் பாருங்க. பூட்டாங்கயித்த இப்பிடியா இறுக்கிக் கட்டுவாங்க? நொரை தள்ளுது பாருங்க வலத்து மாடு! கழுத்த நெரிச்சுப்போட்டு இழு இழுன்னா அது என்னத்த இழுக்கும்?"

பூட்டாங்கயிறு என்பது மாட்டை நுகத்தோடு சேர்த்துக் கழுத்தடியில் கட்டுகிற கயிறு. வண்டிக்காரர் திகைத்துப் போனார். "அட, மாடு கழண்டுக்கும்னு கட்டுனதுங்க அம்மிணி" என்றார்.

"கழண்டுக்காது! எங்கய்யன் கட்டாத மாடா? ரெண்டு வெரல உள்ள உட்டுப் பாத்துட்டுத்தான் வண்டியில ஏறுவாங்க. வெரல் போகலைன்னா அவுத்துக் கட்டுவாங்க. எளக்கமிருந்தாத்தான் அது இழுக்கும்னு சொல்லுவாங்க எங்கய்யன்…"

அந்த 'எங்கய்யன்' என்ற இடத்தில் அவள் குரல் உடைந்து போனது. அவ்வளவு நேரம் அழாதவள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வண்டிக்காரர் இறங்கிப் போய்க் கயிற்றை இளக்கினார். வலத்து மாடு கழுத்தை நீட்டி, புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது.

என் கை கிளட்ச் பிடி மேல் இருந்தது. அதை ஆட்டிப் பார்த்தேன். ஆடவே இல்லை. கைப்பிடிக்கும் அதன் தாங்கிக்கும் நடுவில் நகம்கூட நுழையவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிளட்ச் என்பது இஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொடுக்கிற தட்டுகள். பிடியை அழுத்தினால் தட்டுகள் விலகும், பலம் போகாது. விட்டால் ஒட்டிக்கொள்ளும், பலம் போகும். நான் வயரை இறுக்கி இறுக்கி, யாரும் பிடிக்காமலேயே பாதி பிடித்த மாதிரி கட்டி வைத்துவிட்டேன். தட்டுகள் ஒட்டவும் முடியாமல் விலகவும் முடியாமல் தேய்ந்து கருகின. இது பெல்ட் இல்லை. இதுவும் ஒரு பூட்டாங்கயிறு.

திருகைப் பின்னால் திருப்பினேன். இறுக்கினதையெல்லாம் இளக்கினேன். பிடி மறுபடியும் லொடலொடவென்று ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்க்க என் கைக்கு இன்னும் பொறுக்கவில்லை. ஆனாலும் விட்டேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, பிடி லேசாக அசைந்து அதற்கப்புறம் இழுவை பிடிக்கிற அளவில் நிறுத்தினேன்.

உடனே கிளப்ப முடியாது. தட்டு ஆற வேண்டும். ஆறுகிறவரைக்கும் அங்கே நின்றதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அம்மா எழுந்து வந்து, "இப்பப் போகுமுங்களா?" என்றாள்.

"போகும்."

"எப்பிடிச் சொல்றீங்க?"

"உங்கய்யன் சொன்ன மாதிரி பண்ணியிருக்கறன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வண்டிக்காரர்தான் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, "போய்ச் சேருங்க சாமி" என்றார். மாட்டை அவிழ்த்துப் பூட்டுகிற கிண்டல் எல்லாம் போய்விட்டிருந்தது.

வண்டி இழுத்தது. முன்னைப்போல இல்லை. அடிபட்ட மாடு மாதிரி இழுத்தது. மேடு வந்தால் முன்னாடியே கியரைக் குறைத்து, முறுக்காமல், தாஜா பண்ணிப் பண்ணி ஏற்றினேன். தாராபுரத்தில் அமராவதிப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் வெயில் மஞ்சளாகக் கிடந்தது. அம்மா என் தோளில் கை வைத்தாள். அதுவரைக்கும் சீட்டுக் கம்பியைத்தான் பிடித்திருந்தாள். மூலனூர் ரோட்டில் எதிரே வருகிறவர்கள் முகத்தையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டே வந்தாள் என்பது எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் செய்தேன். சாவு ஊட்டுக்குப் போய்த் திரும்புகிற முகம் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியுமே.

மூலனூருக்கு இந்தப் பக்கமே தோட்டத்துக்குப் பிரிகிற இட்டேரி. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் முழங்கால் மணல். அதில் வண்டியை விட்டால் கிளட்ச் தாங்காது. நிறுத்தினேன்.

"இஞ்சின அணைங்க" என்றாள் அம்மா.

அணைத்தேன். ரெண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். காற்றில் பனை ஓலை உரசுகிற சத்தம். எங்கேயோ ஒரு ஆடு. ஒப்பாரி கேட்கவில்லை. கேட்காதது நல்லதா, எல்லாம் முடிந்து ஓய்ந்துவிட்டதா என்று தெரியவில்லை. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த மணலில் ஓடினாள். நான் வண்டியை வேலியில் சாய்த்துவிட்டுப் பின்னால் ஓடினேன். பொழுது பனைமர உயரத்தில் நின்றது.

வாசல் நிறைய ஆட்கள். உள்ளே யாரோ ஒருவர், "இதுக்கு மேல வெச்சிருக்கறது அவருக்குத்தான் சிரமம், ஊத்திரலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்க, அத்தை கட்டைக் குரலில், "எந்தம்பி மூச்சு விடறது உனக்குச் சிரமமா இருந்தா நீ வெளிய போயி நில்லு" என்றாள். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் என் கால் நின்றது. அப்புச்சி இருக்கிறார்.

"மவ வந்துட்டா! வழி உடுங்க!" என்று வாசலில் யாரோ கத்தினார்கள்.

அத்தை டம்ளரை அம்மா கையில் கொடுத்தாள். அம்மா அப்பன் தலையை மடியில் எடுத்து வைத்து, "அய்யா, நான் வந்துட்டனுங்க" என்றாள். கண் திறக்கவில்லை. உதட்டில் பாலை விட்டாள். முதல் பால் ஓரமாக வழிந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடியும் விட்டாள். தொண்டைக்குமிழ் மேலே ஏறி, கீழே இறங்கியது. எல்லாரும் அதைப் பார்த்தோம்.

"மாப்ளே, நீங்களும் ஊத்துங்க" என்றாள் அத்தை.

என் கை ரெண்டும் கிரீசும் கரியும். அப்புச்சி மேல் வெள்ளை வேட்டி போர்த்தியிருந்தது. எண்ணெய்க் கையோடு வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்பது பனியன் கம்பெனியில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். நான் கையைப் பின்னால் மறைத்தேன்.

"கை எப்பிடியிருந்தா என்னுங்க. அவர் கை என்ன வெள்ளையாவா இருந்துது?" என்றாள் அத்தை.

ஊற்றினேன். வேட்டியில் என் கட்டைவிரல் பட்டு ஒரு கறுப்புத் தடம் விழுந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூச்சு மெல்ல மெல்ல இடைவெளி விட்டு, பிறகு வரவில்லை.

மறுநாள் சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்து எல்லாரும் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பெண்களோடு உள்ளே இருந்தாள். நான் மட்டும் கட்டுத்தரைப் பக்கம் போனேன். அப்புச்சியின் ரெண்டு காளைகளும் நின்றன. சாவுச் சந்தடியில் மாட்டைப் பார்க்க ஆளில்லை. யாரோ அவசரத்தில் முளைக்குச்சியில் ஒட்டக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்று என்னைப் பார்த்துத் தலையை அசைத்தது. அசைய முடியவில்லை.

அதன் கழுத்துக் கயிற்றுக்குள் ரெண்டு விரலை விட்டுப் பார்த்தேன். போகவில்லை. முடிச்சை அவிழ்த்தேன். விரல் போகிற மாதிரி விட்டு, மறுபடியும் கட்டினேன்.